தலைவர் வீட்டு வாசலில் குடித்த தேநீர்

அன்பு மகன் கல்சனுக்கு, அம்மா எழுதுவது. நீ சுகமா, மருமகளும் குழந்தையும் சுகமா, நகரத்துப் புகை உன் நெஞ்சைப் பிடிக்காமல் இருக்கிறதா. இங்கே ஆடுகள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன, ஒட்டகங்களுக்கும் குறையில்லை, உன் அப்பாவின் முழங்கால்தான் தகராறு செய்கிறது. குன்றின் மேல் ஏறி நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கிறது, அதுவும் நான் கோபமாகப் பேச ஆரம்பித்ததும் அறுந்துவிடுகிறது. அதனால்தான் டிரைவர் தாவாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் வட்டத் தலைவர் லுவ்சனிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள், கிணறு வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள் என்றாயே. அவருடைய மைத்துனன் கம்பெனியில் நீ வேலை பார்க்கிறாய், உன் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ கேட்டதெல்லாம் லுவ்சன் சொன்ன கதை. நடந்ததை இப்போது கேள்.

போன வசந்தத்தில் வெளிநாட்டு உதவித் திட்டத்து அம்மாள் ஒருத்தி நம் கூடாரத்துக்கு வந்து, சுவரெல்லாம் வண்ணத் தாள் ஒட்டி, உள்ளூர் ஆட்சி என்றால் என்ன என்று பாடம் நடத்தினாள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாள், “உங்க ஜனங்க கூடி உக்காந்து கை தூக்கி முடிவு பண்ணாம, எங்க திட்டம் ஊருக்குத் தர்ற பணத்துல ஒரு துக்ரிக் காசுகூட வெளிய வராது.” அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. தலைநகரத்தில் யாரோ முடிவு செய்து அனுப்பியதை வாங்கிக்கொண்டே வயதாகிப் போனவர்கள் நாங்கள். இலையுதிர் மேய்ச்சல் நிலத்தில் கிணறு இல்லாமல் போன வருடம் எத்தனை குட்டிகள் செத்தன என்று உனக்கே தெரியும்.

லுவ்சனுக்கோ அந்தப் பணத்தில் ஊர் நுழைவில் குதிரைச் சிலை வைத்து ஒரு வளைவு கட்ட ஆசை. அதனால் கூட்டத்தை எந்த நாளில் வைத்தார் தெரியுமா, நாங்கள் எல்லோரும் இலையுதிர் நிலத்துக்குக் குடிபெயரும் நாளில். மேய்ப்பர்கள் வரமாட்டார்கள், அலுவலகத்து ஆட்கள் நாலு பேர் கை தூக்கினால் போதும் என்பது அவர் கணக்கு. நான்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், பெயர்வது பெயர்வோம், வழியை மட்டும் மாற்றுவோம் என்று. கூடாரத்தைப் பிரித்து ஒட்டகத்தில் ஏற்றி, ஆடு மாடெல்லாம் ஓட்டிக்கொண்டு, நேராக ஊருக்குள் போனோம். அலுவலகத்தை ஒட்டித்தான் லுவ்சன் வீடு. பெயர்ந்து போகிறவர்கள் வாசலைக் கடந்தால் வீட்டுக்காரர் தேநீரோடு எதிரே வரவேண்டும் என்ற நம் வழக்கத்தை அவர் மறந்திருக்கலாம், அவர் மனைவி செர்மா மறக்கவில்லை. உப்புப் பால் தேநீரைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டு வந்து, “மொதல்ல குடிங்க, அப்புறம் உள்ள போய் சண்டை போடுங்க. அந்த மனுஷன் எங்கயும் ஓடிட மாட்டாரு” என்றாள். லுவ்சன் வெளியே வந்து, “யாஞ்மா அக்கா, ஆட்டையெல்லாம் ஓட்டிட்டு வந்து யாராவது கூட்டம் நடத்துவாங்களா” என்றார். “அதுங்களுக்கும் சேர்த்துத்தானே தம்பி கிணறு கேக்கறோம்” என்றேன். கூட்டத்தைப் பார்க்க வந்த திட்டத்து அம்மாள் அங்கேயே நின்றிருந்தாள், இவர்கள் கை தூக்க உரிமையுள்ள இந்த ஊர் ஜனங்களா என்று அவரைக் கேட்டாள். தன் வீட்டுக் கிண்ணத்தில் தேநீர் குடிக்கிறவர்களை யாரென்று தெரியாது என அவர் எப்படிச் சொல்வார். அந்த வாசலிலேயே கூட்டம் நடந்தது. வளைவுக்கு எழுந்த கைகளைவிடக் கிணற்றுக்கு எழுந்த கைகள்தான் அதிகம், அதில் செர்மாவின் கையும் ஒன்று.

வெளிநாட்டுக்காரன் பணம்தானே, அதற்காக ஏன் பகை என்று கேட்டாய். பணம் அவர்களுடையதுதான், ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு போயும் விடுவார்கள். ஆனால் எங்களைக் கேட்காமல் இனி இந்த ஊரில் ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது, அதை யாரும் மூட்டை கட்ட முடியாது. அடுத்த கூட்டத்தைக் கடுங்குளிரில் வைக்கப் போகிறாராம். வைக்கட்டும், அடுப்பையும் தூக்கிக்கொண்டு வருவோம். நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன் கல்சன். உன் வேலையை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது, அப்போதும் கேட்க மாட்டேன்.

உலர்ந்த தயிர்க்கட்டி அனுப்பியிருக்கிறேன், ஊறவைத்துத் தின்னு, போன தடவை மாதிரி பல்லை உடைத்துக்கொள்ளாதே. பையைத் தாவாவிடமே திருப்பிக் கொடுத்துவிடு. விடிந்ததும் கறக்கிற முதல் பாலை உன் திசை பார்த்துத்தான் தெளிக்கிறேன், உன் வழியெல்லாம் அந்தப் பாலைப் போல வெண்மையாக, தடையில்லாமல் இருக்கட்டும். வேலையை விட்டு அனுப்பினால் தலை குனியாமல் வீட்டுக்கு வா. இங்கே தண்ணீர் இருக்கும்.

உன் அம்மா,
யாஞ்மா