கட்டக்கில் சஞ்சுக்தா வீடு

டிச. 2, செவ்வாய்

காலையில் நல்ல பனி. எதிர்க் கட்டிடமே தெரியவில்லை. ஸ்டேஷன் பக்கத்துத் தர்மசாலையில் அறை. ஜன்னலுக்குக் கொக்கி இல்லை. பழைய துண்டைச் சொருகியிருக்கிறேன். இரண்டு புடவை துவைத்தேன். இன்று காயாது.

கும்மிடிப்பூண்டியை விட்டுக் கிளம்பி ஏழு மாதம். ஃபேக்டரியில் இருபத்து நாலு வருஷம், மூன்று ஷிஃப்டும் பார்த்தாயிற்று. ரிட்டையர் ஆன மறுவாரமே வீட்டைக் காலி செய்தேன். வீட்டுக்காரர் போன பிறகு அந்த வீட்டில் என்ன இருக்கிறது. ஹம்பி, பிஜாப்பூர், போபால், காசி. இப்போது ஒடிசாவில் கட்டக். ஆயிரம் வருஷத்து ஊர் என்றார் தர்மசாலை மேனேஜர். "அகேலா?" என்றும் கேட்டார். ஆமாம், தனியாகத்தான்.

வாங்க: சோப்பு, தைலம், பின்னூசி.

டிச. 3, புதன்

கோட்டை பார்த்தேன். மிச்சம் ஒரு வாசல், அகழி, ஒரு மண்மேடு. அகழி ஓரம் காலேஜ் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மகாநதிக் கரை. கல் கரையில் வெகுநேரம். கால் வலி.

தெருவில் தயிர்வடை மேல் உருளைக்கிழங்குக் குழம்பை ஊற்றித் தந்தார்கள். ஒரு வாய்தான். அப்படியே கும்மிடிப்பூண்டி லைன் வீட்டு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டு சஞ்சுக்தா கைப்பக்குவம். இந்த ஊர்க்காரி, அங்கே இரும்பு மில்லில் வேலை செய்த பிபினின் மனைவி. பதினோரு வருஷம் ஒரே சுவர். அவள் தமிழ் முழுக்க என்னோடு குழாயடியில் நின்று கற்றது. கிண்ணத்தை நீட்டி, "காரம் பத்துமா விஜிக்கா?" என்பாள். மில் தூசியில் கொடித்துணி கறுத்தால் இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவோம். அவள் மகள் மீனா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியது நான்.

கோட்டை பார்க்கத்தான் வந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய்.

டிச. 5, வெள்ளி

நேற்று எழுதவில்லை. லேசான ஜுரம்.

சஞ்சுக்தா வீட்டு விலாசம் மனப்பாடம். அவள் ஊருக்குப் பார்சல் அனுப்பும்போதெல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். இன்று அந்தச் சந்துமுனை வரை போனேன். திரும்பிவிட்டேன். டீ, இரண்டு பிஸ்கட், அறை.

அப்போது கொரோனா ஊரடங்கு. மில் மூடி மூன்று வாரம். ஒரு நாள் விடிகாலை கதவைத் தட்டினாள். "அக்கா... விஜிக்கா..." என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே மூச்சுத் திணறல். படுக்கையிலிருந்தே கையைக் காட்டினார். "தொறக்காத விஜி." தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றேன். நாலு தரம் தட்டினாள். மீனா இருமுகிற சத்தம். அப்புறம் பை இழுபடுகிற சத்தம். மத்தியானம் பார்த்தால் பக்கத்து வீட்டில் பூட்டு.

அடுத்த வருஷம் இவரும் போய்விட்டார். திறக்காமல் யாரைக் காப்பாற்றினேன்.

டிச. 6, சனி

போனேன்.

ஓட்டு வீடு, நீலக் கதவு. திறந்தே கிடந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தவள் முறத்தைக் கீழே வைக்கவே மறந்தாள்.

"விஜிக்கா! இன்னாக்கா, இப்பிடி மெலிஞ்சி பூட்ட? நாஷ்டா துன்னியா?"

உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நீ கதவு தட்னப்போ நான் உள்ளதான் இருந்தேன்."

"தெரியும்க்கா. உன் செருப்பு வாசல்லயே கெடந்துச்சி."

பிறகு முறத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சொல்லிக்கினு போலாம்னுதான் தட்னேன். வேற ஒண்ணும் கேக்க வரல. மீனாவ தூக்கிக்கினு ஆந்திரா பார்டர் தடா வரிக்கும் நடந்தோம். அப்புறம் லாரி. ரெண்டு வருஷம் உன்மேல அவ்ளோ கோவம். உன் பேர இந்த ஊட்ல யாரும் சொல்லக் கூடாது. அப்புறம் மில்லு ஆளு ஒர்த்தர் அண்ணன் பூட்டார்னு சொன்னார். நீ ஒண்டியா இன்னா பண்றியோன்னு அயுதேன்."

மன்னிப்பு என்று நான் கேட்கவில்லை. அவள் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. தட்டில் பொரி, வெங்காயம், பச்சைமிளகாய் வைத்தாள். சாப்பிட்டேன்.

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. சந்தை அதே இடத்தில்தானா? மெட்ராஸ் போகிற காலை யூனிட் டிரெயினில் இன்னும் அதே கூட்டமா? நம்ம லைன் வீடு? நான் கிளம்பியதும் இடித்துவிட்டார்கள், நாலு மாடி எழும்புகிறது என்றேன்.

"மொத்தமாவா? குழாயடி கூடவா?"

கூடத்தான். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பிபின் இப்போது சூரத்தில். தீபாவளிக்கு வந்து போனாராம்.

டிச. 8, திங்கள்

வெயில். பனி இல்லை. தர்மசாலையைக் காலி செய்து இங்கே வந்தாயிற்று. "நம்ம ஊடு இருக்கசொல்ல உனுக்கு இன்னாத்துக்கு ரூமு?" என்று அவளே என் பெட்டியைத் தூக்கிவிட்டாள். மீனாவுக்குத் தமிழ் அடியோடு மறந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், ஓடிவிடுகிறாள்.

குளித்துக்கொண்டிருக்கும்போது பொன்னேரியிலிருந்து தங்கை மல்லிகா போன். சஞ்சுக்தா எடுத்து ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தேன்.

"அக்கா குளிச்சிக்கினு கீறாங்க. இன்னா சொல்லணும்?"

"யார்மா நீ? அவ்ளோ தூரத்துல நம்மாளா? உனுக்கு எந்த ஊரு?"

சஞ்சுக்தா என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள்.

"கும்மிடிப்பூண்டி."