விடியுமுன் அடைத்த மடை

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன், நம்புவதைத் தவிர வேறு வழி நீ வைக்கவில்லை. அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. கல்லூரியில் எங்கள் வரலாற்றுத் துறைத் தலைவர் ஓய்வு பெற்றார், பாராட்டு விழாவுக்கு நான் போகவில்லை, பதினோரு வருடம் என் பதவி உயர்வை அமுக்கி வைத்தவருக்குக் கை தட்ட என்னால் ஆகாது.

சொல்ல வந்தது வேறு. ஏரி மடைக்காரர் இறந்துவிட்டார். பள்ளி விடுமுறையில் நீயும் என்னோடு வந்து அவரைப் பார்த்திருக்கிறாய். எந்த நாளில் யார் வயலுக்குத் தண்ணீர் விட்டார் என்று அவரே எழுதிவந்த நோட்டை என்னை நம்பிக் கொடுத்தார். பஞ்ச வருடத்தில் ஒரு வரி, "செவ்வாய் விடியுமுன் மடை அடைத்தாயிற்று." செவ்வாய் கடைமடை வயல்களின் முறை. முறை தொடங்குமுன்பே அடைத்து அவர்கள் பயிரைக் காயப்போட்டார் என்று அந்த ஏரியைப் பற்றிய என் புத்தகத்தில் எழுதினேன். கைப்பிரதி படித்த நீ, "அப்பா, விடிஞ்சாதான் நாள் பொறக்கும்னு அவர் சொன்னாரே, அப்போ நம்ம கணக்குல இது மறுநாள் புதன் விடியக்காலை இல்லையா?" என்று கேட்டாய். "பள்ளிக்கூடப் புள்ள எனக்கு வரலாறு சொல்லித் தர்றியா?" என்று விருந்தாளிகள் முன்னால் உன்னைக் கேலி செய்தேன். அதன்பின் நீ என் மேஜைப் பக்கம் வரவேயில்லை.

போன மாதம் அதே நோட்டில் ஒரு சந்திர கிரகணம் கண்ணில் பட்டது. வியாழன் விடியுமுன் என்று எழுதியிருக்கிறார், பழைய செய்தித்தாளில் அது வெள்ளி அதிகாலை. நீ சொன்னதுதான் சரி. செவ்வாய் முழுக்கத் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் அந்த மனிதர் அடைத்திருக்கிறார். மறுநாளே ஓடினேன், அவர் போய் எட்டு நாளாகியிருந்தது. என் புத்தகம் வந்த வருடமே ஊரார் மடைச் சாவியை அவரிடமிருந்து வாங்கிவிட்டார்களாம். அவர் மகள் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். "அப்பா உங்கள ஒரு வார்த்த தப்பா சொன்னதில்ல சார். படிச்சவரு நோட்டப் பாத்துதானே எழுதிருக்காரு, நான்தான் எங்கயோ தப்பா எழுதிட்டேன் போலன்னு சொல்லுவாரு. அந்த நோட்ட ஒருதடவ பாக்கணும்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றாள். ஒன்பது வருடமாக அது என் அலமாரியில் இருந்தது. அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

புத்தகத்துக்குத் திருத்தம் எழுதிவிட்டேன். தவறு என்னுடையது, அதை முதலில் கண்டது என் மகள் என்று போட்டிருக்கிறேன். உன் பெயரை அதில் எழுத நீ சம்மதிக்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசியதும் போனை வைத்துவிடாதே, நான் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன்.

உன் அப்பா