சிவப்பியின் இரத்தப் பரிசோதனை

வியாழக்கிழமை, மாத்தளை

சிவப்பியின் இரத்தத்தை இன்று காலையில் நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் தனியாக இருக்கும் முருகையாவின் பசு அது. கழுத்தில் கட்டிகள். உள்ளே சீழ் பிடித்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அப்படியென்றால் நியூட்ரோபில் என்ற வெண்குருதிக் கலங்கள் கூடியிருக்கும், மருந்து கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் கண்ணில் பட்டதெல்லாம் லிம்போசைட்டுகள் என்ற வேறு வகை வெண்கலங்கள். நோயில்லாத பசுவிலும் அவைதான் அதிகம். இவையோ பெருத்து, வடிவம் கெட்டு, நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. இரத்தப் புற்றுநோய்.

வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த முருகையாவிடம் சொன்னேன்.

“மருந்து இல்லீங்களா டொக்டரம்மா?”

“இல்லீங்க ஐயா.”

“இன்னொருக்கா பாத்துருங்களேன்.”

உள்ளே போய்ப் பார்த்தேன். அதேதான்.

“அதுக்கு வலிக்குதுங்களா?” என்றார்.

“இப்போதைக்குப் பெருசா வலிக்காது. புல்லு திங்கிற வரைக்கும் வச்சிருங்க. எந்திரிக்க முடியாமப் போனா சொல்லியனுப்புங்க, நான் வர்றேன்.”

கடைசி ஊசி போடத்தான் வருவேன் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. “சம்சாரம் போனதுக்கப்புறம் வீட்டுல நான் பேசுறது அதுகிட்ட மட்டுந்தாங்க” என்றார்.

படியிறங்கியவர் திரும்பி நின்றார். “நீங்க சாப்பிட்டீங்களாம்மா? மொகம் வாடிக் கெடக்கு.”

இடமாற்றம் கிடைத்து இந்த ஊருக்கு வந்த பிறகு என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னேன். அவர் தெருவில் மறைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சிவப்பிக்காகத்தான் அழுதேனா என்று இப்போதும் தெரியவில்லை.