முதல் பெயரைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
பெர்மெத் ஜோல்தோஷேவா,
ஆய்வு மாணவி, மேய்ச்சல்நில ஆய்வு நிலையம்,
நரின்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
பட்டத் தகுதிக் குழு,
பிஷ்கெக்.

பொருள்: என் ஆய்வுக் கட்டுரை வேறொருவர் பெயரில் வெளியானது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சோன்-குல் ஏரிக்கரையில் ஆடு வாய் வைக்காத முட்புதர் ஏன் பரவுகிறது என்று நான்கு கோடைகள் கூடாரத்தில் தங்கி ஆராய்ந்தேன். அளந்ததும் எழுதியதும் நானே. வெளிநாட்டு இதழில் முதல் பெயராக ஒரு கட்டுரை வந்தால்தான் பட்டம் என்பது தங்கள் விதி.

2. சந்தா கட்டி இதழ் வாங்க எங்கள் நிலையத்துக்கு வழியில்லை. ஆகவே எவரும் இலவசமாகப் படிக்கும் இதழுக்கு என் கட்டுரையை அனுப்பினேன். படிப்பவரிடம் வாங்காத காசை எழுதுபவரிடம் வாங்குவார்கள் என்பது ஏற்புக் கடிதத்தோடு ரசீது வந்தபோதுதான் உறைத்தது. என் ஓராண்டுச் சம்பளம் அதற்குப் போதாது. கட்டுரையை மதிப்பிட்ட அறிஞர்களுக்கு அதில் ஒரு சோம்கூடப் போகாதாம்.

3. நம் வழக்கப்படி, என் வழிகாட்டி டாக்டர் தோக்தோசுன் அகாயின் பெயரை மரியாதைக்காகக் கடைசியில் சேர்த்திருந்தேன். அவர் இப்போது எல்லைக்கு அப்பால், அல்மாட்டியில் பெரிய நிறுவனத்தில் இருக்கிறார். தொலைபேசியில் அழுதேன். அவர் சொன்னது இது: "முதல் பேரு என்னுதா இருந்தாத்தான் இங்க பணம் கட்டுவாங்கம்மா. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பழையபடி உன் பேருக்கே மாத்திடலாம். என் மேல நம்பிக்கை இல்லையா?" என் தந்தையை அடக்கம் செய்த அன்று பனியில் நரின் வரை வந்தவர் அவர். நம்பாமல் எப்படி இருப்பேன்? அவர் பெயரை முதலில் வைத்தேன்.

4. முதல் பெயர் அவருடையதாகவே கட்டுரை வெளிவந்தது. பிறகுதான் இதழின் விதிகளை முழுதாகப் படித்தேன். எழுதியவர் எல்லோரும் நம் நாட்டைப் போன்ற ஏழை நாடுகளில் பணிபுரிபவர்களாக இருந்தால் கட்டணமே கிடையாது. அகாயின் பெயர் இல்லாதிருந்தால் ஒரு காசு செலவில்லாமல் அது என் பெயரில் வந்திருக்கும். அந்தச் சலுகையை வகுத்த இதழின் ஆசிரியர் குழுவில் அவரும் ஒருவர். ஐயா, அவருக்குத் தெரியும். நான் அழுதபோதே தெரியும்.

5. முதல் பெயர் என்னுடையதல்ல என்று என் பட்ட வாய்மொழித் தேர்வைத் தங்கள் அலுவலகம் ரத்து செய்துவிட்டது. கட்டுரையை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நீக்கினால், ஒருமுறை வெளியான தரவை வேறெந்த இதழும் ஏற்காது, என் நான்கு கோடைகளும் மண்ணோடு போகும். மேய்ப்பர்களும் அதை இப்போது கைப்பேசியில் படிக்கிறார்கள், அது நடக்கட்டும். பெயர் வரிசையை மட்டும் திருத்த ஆணையிடுமாறும், அதுவரை ரத்தை விலக்கி என் தேர்வை ஒத்திவைக்குமாறும் பணிந்து வேண்டுகிறேன்.

6. இதழுக்கு நானே எழுதிப் பார்க்கவில்லையா என்று தாங்கள் கேட்கலாம். எழுதினேன். வரிசையை மாற்ற முதல் பெயருக்குரியவரின் சம்மதம் தேவை, அவரை அணுகவும் என்று ஆசிரியர் குழுவின் சார்பில் பதில் வந்தது. கீழே கையொப்பம் தோக்தோசுன் அகாயுடையது.

தங்கள் முடிவை எதிர்நோக்கும்,
பெர்மெத் ஜோல்தோஷேவா
(கையொப்பம்)

இடம்: நரின்
நாள்: 14 நவம்பர் 2023