நாக்கு மரத்துப் போகணும்

நவம்பர் 10, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். மலைக்கோட்டை பாதி மேகத்துக்குள். என் சாக்ஸ் காயவில்லை. அப்பா சாக்ஸைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம். குதிகால் பகுதி என் கெண்டைக்காலில்.

அக்கா இன்றும் அறையைவிட்டு வரவில்லை. சீனாவில் ஆறு வருடம் டாக்டருக்குப் படித்தவள். இங்கே ஒரு ஊசி போட வேண்டும் என்றாலும் இன்னொரு தேர்வு தேற வேண்டுமாம். எழுதினாள், போச்சு. மறுபடி எழுதினாள், மறுபடி போச்சு. மூன்றாவதற்கு விண்ணப்பிக்கச் சனிக்கிழமை கடைசி. மாட்டேன் என்கிறாள். பூட்டுக்குப் பேர்போன ஊர். அவள் வாய்க்கும் ஒன்று மாட்டிவிட்டார்கள்.

அப்பாவுக்கும் இதில் பங்கு உண்டு. ரெட்டியார்சத்திரம் பஸ்ஸில் கண்டக்டர். ஆறு வருடமாக ஒவ்வொரு டிக்கெட்டோடும் "எம் பெரிய பொண்ணு டாக்டருக்குப் படிக்கா" என்பதையும் கிழித்துக் கொடுத்திருக்கிறார். அக்கா தெருவில் கால் வைத்தால் போதும், "எந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா?"

சாயங்காலம் அம்மா வைத்த ரசத்தைத் தள்ளிவிட்டு அவளாகவே பேசினாள். "அங்க ஒரு சூப்பு உண்டுடி. செக்கச்செவேல்னு கொதிக்கும். நாலு வாய் குடிச்சா நாக்கு மரத்துப் போகும். பரீட்சைக்கு மொதநாள் ஹாஸ்டலே அங்கதான் கெடக்கும்." இந்த மாதத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு இதுதான். விடுவேனா?

"அது இங்க கெடைச்சா ஃபார்ம் போடுவியா?"

"திண்டுக்கல்லுலயா?" சிரித்தேவிட்டாள். "போடுறேன் போ. ஆனா நாக்கு மரக்கணும். சும்மா எரிஞ்சா செல்லாது."

கையடித்துச் சத்தியம். அம்மா சாட்சி.

நவம்பர் 11, செவ்வாய்
மழை இல்லை. கணக்குத் தேர்வு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விடைத்தாளிலும் அதே நிலைமை.

பள்ளி விட்டதும் சைக்கிளில் வேட்டை. பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டி. "சைனீஸ் சூப்பு இருக்காண்ணே?" "இங்க எல்லாமே சைனீஸ்தான் பாப்பா." சோளமாவுப் பசை. கல்யாணப் போஸ்டர் ஒட்டலாம்.

அடுத்து நாகல்நகரில் டிராகன் படம் போட்ட கடை. டிராகன், மழையில் நனைந்த ஓணான் ஜாடை. சூப்பு கேட்டேன், குஸ்கா வந்தது.

"அண்ணே, சூப்பு."

"வருது. அதுக்காக செத்த நேரம் பசியோட உக்காந்திருப்பியா?"

இந்த ஊரின் வியாதி இது. காய்ச்சல் என்று போனாலும் ஒரு கை பிரியாணி வைத்துவிட்டுத்தான் என்ன என்று கேட்பார்கள். சூப்பில் மிளகு, இஞ்சி, பூண்டு. மூக்கு திறந்தது. நாக்கு முழு விழிப்பு.

குஸ்கா பிரமாதம். அதையும் பதிவு செய்ய வேண்டும்.

நவம்பர் 12, புதன்
போன வருடக் குற்றம் இன்று துணைக்கு வந்தது. அக்கரகாரம். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் வேர். பல்வலிக்குக் கடிப்பார்கள், நாக்கு விறுவிறுத்து மரத்துப் போகும். அதைப் பொடித்து, கொடைக்கானல் மிட்டாய் என்று சொல்லி வகுப்புத் தலைவிக்குக் கொடுத்தேன். பிரேயரில் அவள் கடவுள் வாழ்த்துப் பாடியது கடவுளுக்கே புரிந்திருக்காது. மூன்று நாள் வகுப்புக்கு வெளியே நின்றேன்.

கடைக்காரர் மறக்கவில்லை. "மறுபடி பல்வலியா?" "ஆமாண்ணே. இந்தத் தடவ வீட்டுக்குள்ளயே."

அம்மாவின் ரசத்தில் பொடியைப் போட்டுக் குடித்துப் பார்த்தேன். மரத்தது. ஆனால் பல் ஆஸ்பத்திரி வாசம். அக்கா ஒரே மோப்பத்தில் பிடித்துவிடுவாள். டாக்டர் இல்லையா.

நவம்பர் 13, வியாழன்
பழனி ரோட்டில் ஒரு ஹோட்டல். பின்கட்டில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்த மாஸ்டர், பிரேம் அண்ணன். நேபாளம். விஷயம் முழுவதையும் சொல்லி, வேரை நீட்டினேன்.

கடித்தார். கத்தியைக் கீழே வைத்தார். விறுவிறுவென்று மாடியேறிப் போனார். செத்தேன் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவர் கையில் ஒரு ஊறுகாய் பாட்டில். அடியில் கொஞ்சம் கறுப்பு விதைகள். "டிம்முர். எங்க ஊர். அம்மா குடுத்து விட்டது."

இரண்டு விதை. முதலில் நாரத்தைத் தோல் வாசம். அப்புறம் பேட்டரியை நக்கியது போல நாக்கெல்லாம் குறுகுறு. அக்கா சொன்னது இதேதான்.

"ஒரு தடவை சூப்புல போட்டேன் மேடம். கஸ்டமர், நாக்கு போச்சு, நாக்கு போச்சுன்னு ஒரே சண்டை. முதலாளி வேண்டாம் சொல்லிட்டார்."

சனிக்கிழமை மூன்று மணிக்கு, கூட்டம் வடிந்ததும் செய்து தருவதாக வாக்கு. ஒரே நிபந்தனை: "பார்சல் இல்ல. ஆறினா செத்துப் போச்சு."

அதாவது, அக்கா தெருவுக்கு வர வேண்டும்.

நவம்பர் 14, வெள்ளி
குழந்தைகள் தினம். ஆளுக்கு ஒரு மிட்டாய். என் கையிலிருந்து மட்டும் யாரும் வாங்கவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா, "பார்சல் வாங்கிட்டு வாடி."

"கெடையாது. கையடிச்சிருக்க."

"வழியில எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும். பதில் நான் சொல்றேன். எனக்குத்தான் வாய்னு வீட்லயே சொல்றீங்கல்ல."

நவம்பர் 15, சனி
லேசான மழை. சூப்பு மழை.

அக்கா ஸ்கூட்டரை எடுத்தாள். பின்னால் நான். முனையில் இஸ்திரிக்கார அக்கா கேட்டேவிட்டார், "டாக்டரம்மா, எந்த ஆஸ்பத்திரில இருக்கீங்க?" நான் முந்திக்கொண்டேன். "இப்போதைக்கு நான் ஒரே பேஷண்ட்தான்க்கா. நானும் தேற மாட்டேங்கேன்." இஸ்திரிக்கார அக்கா சிரித்தார். ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் இருந்த முதுகும் கொஞ்சம் குலுங்கியது.

சூப்பு. செக்கச்செவேல். எலும்பு வேகவைத்த தண்ணீர், வறமிளகாய், காளான், நூடுல்ஸ், மேலே இடித்த டிம்முர். முதல் வாய். இரண்டு. மூன்று. நாலாவதில் மூக்கு ஒழுகியது, கண்ணும்.

"மேடம், மரத்துச்சா?" பிரேம் அண்ணன் கரண்டியோடு நின்றார்.

தலையை மட்டும் ஆட்டினாள். செத்த நேரம் அழுதாள். எனக்கு ஒரு நல்ல ஜோக் வந்தது. சொல்லவில்லை. இதுவும் வரலாற்றில் பதிவாகட்டும்.

கிண்ணம் காலியாவதற்குள் போனைக் கேட்டாள். அங்கேயே, எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, விண்ணப்பம் முழுவதையும் அவளே அடித்தாள். கடைசிப் பட்டனை என்னை அழுத்தச் சொன்னாள்.

அழுத்தினேன். இந்த விரல்தான்.

நவம்பர் 16, ஞாயிறு
வெயில். அப்பா பஸ்ஸில் இன்று புது அறிவிப்பாம். "எஞ் சின்னவ சீனா சூப்ப நம்ம பழனி ரோட்டுலயே கண்டுபிடிச்சுட்டா." அந்தக் கடை நிறுத்தத்தில் கூடுதலாக ஒரு விசில் வேறு.

மதியம் பிரேம் அண்ணன் போன். "மேடம், எட்டு பேர் வந்து அந்த சூப்பு கேக்குது. முதலாளியும் போடு சொல்றார். டிம்முர் காலி. அந்த வேர் இருக்கா?"

இருக்கிறது. எவ்வளவு போடுவது என்றுதான் தெரியவில்லை.

உள்ளிருந்து, புத்தகத்தைவிட்டுத் தலை தூக்காமலேயே அக்கா குரல். "ஒரு சிட்டிகைக்கு மேல போடக் கூடாதுன்னு சொல்லு. டாக்டர் சொன்னாங்கன்னு சொல்லு."