சமையலறைச் சத்தம்

ஜூலை 9, ஞாயிறு

ஒப்புக்கொண்டுவிடுகிறேன், வேறு யார் படிக்கப் போகிறார்கள். இன்று நாற்பது நிமிடம் கழிப்பறையில் ஒளிந்திருந்தேன்.

எங்கள் குரு நெஜாத்தி எஃபெந்தி காலமாகி நாற்பது நாள் கழிந்து கூடிய முதல் ஞாயிறு. அவருடைய ஆட்டுத்தோல் கூடத்தின் நடுவில் வெறுமனே கிடந்தது. அதில் அமர்கிறவர்தான் திக்ரை நடத்துவார். அவர் தலையசைப்புக்குத்தான் நாங்கள் எல்லோரும் இறைவனின் பெயரைச் சொல்லுவோம். எங்கள் சூஃபி வழியில் அதற்கு மேல் பதவி கிடையாது. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அவருடைய அண்ணன் மகன் தைஃபுன் போய் உட்கார்ந்துகொண்டான். வீட்டுத் தரகன். காலி இடம் கண்டால் விடமாட்டான்.

பின்வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏனென்றால் அந்தக் காலத்தில் ஆட்டுத்தோலில் அமர்ந்து மடங்களை நடத்திய நாற்பத்தோரு பெண்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவள் நான். மெல்பர்ன் பல்கலைக்கழகங்களில் இதைப் பேசியே காலம் தள்ளுகிறவள். இங்கே எல்லோருக்கும் நான் ஹோஜா, ஆசிரியை. பக்கத்திலிருந்த உம்ரான் விலாவில் இடித்தாள். "ஹோஜா, எழுந்து ஏதாச்சும் சொல்லுங்க. இதுக்குத்தானே அவ்வளவு படிச்சீங்க?"

எழுந்தேன். எழுந்த வேகத்தில் நேரே கழிப்பறைக்குப் போய்விட்டேன்.

திக்ர் நன்றாகவே நடந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையில் பெஹியே அக்கா வழக்கம்போல டொக் டொக் என்று எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடமாக இதே சத்தம். எத்தனை அடுப்பு வேலை இருந்தாலும் தியானத்தில் இருக்கிறவர்கள் மேல் ஓர் இரக்கம் வேண்டாமா?

ஜூலை 10

ஆணாக இருந்தால் போதும், உட்காரலாம். காலுறையில் ஓட்டை இருந்தாலும்.

ஜூலை 12, புதன்

தைஃபுனுக்குப் பதினான்கு அடிக்குறிப்புகளோடு கடிதம் அனுப்பியிருந்தேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. மாலையில் ஆளே பக்லாவா டப்பாவோடு வந்துவிட்டான். என் புத்தகத்தைப் படித்தானாம். பின்னட்டைப் புகைப்படம் நன்றாக இருக்கிறதாம்.

"நீங்க பெரியவங்க ஹோஜா. கூட்டத்துல என்ன குறைன்னு சொல்லுங்க, சரி பண்ணிடறேன்."

என் கருத்தை யாராவது கேட்டுவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. எண்ணூறு வருட அநியாயம் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொன்னது சமையலறைச் சத்தத்தை. அங்கிருந்து கூடத்துக்குச் சாப்பாடு நீட்டுகிற அந்த ஜன்னலையாவது திக்ர் நேரத்தில் சாத்தி வைக்கக் கூடாதா என்றேன். பக்தியோடு கைப்பேசியில் குறித்துக்கொண்டான்.

அவன் போன பிறகுதான் ஞாபகம் வந்தது, ஆட்டுத்தோலைப் பற்றிப் பேசவே இல்லை. ஆறு பக்லாவா தின்றேன்.

ஜூலை 16, ஞாயிறு

ஜன்னல் சாத்தியிருந்தது. ஆகா, என்ன அமைதி! ஐந்து நிமிடம் நீடித்தது.

பிறகு முன்வரிசை வேகம் பிடித்தது, பின்வரிசை இன்னும் நடந்துகொண்டிருந்தது. தைஃபுன் தலையை இந்தப் பக்கம் ஆட்டினால் பாதிப் பேர் அந்தப் பக்கம் ஆட்டினார்கள். சிலர் ஒரு பெயரில், சிலர் அடுத்த பெயரில். பஸ் ஓட்டுகிற மனிதர் ஒருவர், முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று ஷூ தேடப் போய்விட்டார். பன்னிரண்டு நிமிடத்தில் கடை கட்டியாயிற்று.

எனக்கு உள்ளுக்குள் சர்க்கரை. "தகுதி இல்லாதவனை ஆட்டுத்தோல் ஏத்துக்காது" என்று உம்ரானிடம் ஞானி மாதிரிச் சொன்னேன். அவள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். இவர்களுக்கு எப்போதும் சாப்பாட்டு நினைப்பு.

அந்தச் சமையலறைக்குள் நான் கால் வைத்ததில்லை. கொள்கை. பெண் என்பதற்காக ஒரு நாள் கோப்பை கழுவினால், மண்ணுக்குள் போகும்வரை கழுவ வேண்டியிருக்கும்.

ஜூலை 19

குளியலறையில் கிடக்கும் கால்விரிப்பும் ஆட்டுத்தோல்தான். அதில் சம்மணம் போட்டுத் தலையை ஆட்டிப் பார்த்தேன் – சும்மா, ஆராய்ச்சிக்காக. தாழ் சரியாக விழவில்லை போலிருக்கிறது. மகள் செலின் பல் துலக்க வந்துவிட்டாள்.

"என்னம்மா, கழுத்து பிடிச்சுக்கிச்சா?"

ஆமாம் என்றேன்.

தூக்கம் பிடிக்கவில்லை. யாருக்காக இந்தக் குதி குதிக்கிறேன்? ஒரு பெண் அதில் உட்கார வேண்டும் என்றா, இந்தப் பெண் உட்கார வேண்டும் என்றா?

ஜூலை 23, ஞாயிறு

ஒன்பது பேர் வந்தார்கள். அதில் இருவர் மெல்பர்னின் ஜூலைக் குளிரில் ஹீட்டருக்காக வந்தவர்கள். திக்ர் என்று அதைச் சொல்ல வாய் கூசுகிறது.

முடிந்ததும் தைஃபுன் எழுந்து நின்றான். "கூடத்து ஒப்பந்தம் என் பேர்ல இருக்கு. இப்படியே போனா நகராட்சிகிட்ட சாவியக் குடுத்துடுவேன். வர்ற ஞாயிறு அஷூரே பாயசம் காய்ச்சுவோம். அன்னைக்கும் சரிப்படலைன்னா அதோட முடிச்சுக்கலாம்." சித்தப்பாவின் இடத்தில் தோற்றுப்போனவன் முகம். எனக்கு வர வேண்டிய சந்தோஷம் வரவில்லை.

விவாகரத்து முடிந்த வாரம் நான் வந்து விழுந்த கூடம் இது. ஏன் அழுகிறாய் என்று ஒருவர் கேட்கவில்லை. அந்த ஜன்னல் வழியாக ஒரு கிண்ணம் பருப்பு சூப் வந்தது, அவ்வளவுதான். இந்தக் கூடமும் மூடிவிட்டால் நான் எங்கே போவேன்? கருத்தரங்குகளுக்கா?

கார் நிறுத்துமிடத்தில் பெஹியே அக்காவைப் பிடித்துக்கொண்டேன். எல்லாத் துதிகளும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், ஆட்டுத்தோலில் அவரே உட்கார வேண்டும் என்று கெஞ்சினேன்.

"என் முட்டி தரையில மடங்காது ஹோஜா. ஜன்னலயும் சாத்திட்டாங்க. இனிமே எனக்கு என்ன வேலை அங்க?"

என்ன பணிவு! இப்படித்தான் நம் பெண்கள் தங்களைத் தாங்களே பின்வரிசையில் வைத்துக்கொள்கிறார்கள். கட்டுரைக்கு ஆகும் என்று குறித்துக்கொண்டேன்.

ஜூலை 28, வெள்ளி

புத்தகத்தின் மூன்றாம் பதிப்புக்குத் திருத்தம் அனுப்ப இன்று கடைசி நாள். முன்னுரையில் ஒரே ஒரு சொல்தான் மாற்ற வேண்டியிருந்தது. அனுப்பியாயிற்று.

ஜூலை 30, ஞாயிறு

காலையில் உம்ரான் போன் செய்தாள். பெஹியே அக்காவுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது, பெரிய பானையைக் கிண்ட ஆள் வேண்டும், "கொள்கைய ஒருநாள் வெளிய மாட்டிட்டு வாங்க ஹோஜா."

போனேன். கோதுமையும் கொண்டைக்கடலையும் உலர்ந்த அத்திப்பழமும் குழைந்து எருமை புரண்ட சேறு மாதிரி ஒரு பானை. ஐந்தாவது நிமிடமே என் தோள் கழன்றது. அக்கா இடது கையில் மரக்கரண்டியோடு ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் ஆட்டுத்தோல் நேர் எதிரே என்பது சாத்தியிருந்த கதவின் இடுக்கிலேயே தெரிந்தது. ஜன்னல் கட்டையில் ஒரே இடத்தில் மட்டும் வண்ணம் போய், மரம் குழிந்து, முட்டை வைக்கலாம் போலப் பள்ளமாக இருந்தது.

வெளியே திக்ர் தொடங்கிச் சிதற ஆரம்பித்தது. அக்கா என்னைப் பார்த்தார். "திறக்கட்டா? நீங்கதான் சாத்தச் சொன்னீங்களாமே."

தலையாட்டினேன். திறந்தார். அந்தப் பள்ளத்தில் கரண்டியால் தட்டினார். டொக். டொக். தைஃபுன் நிமிர்ந்து பார்த்தான், பார்வையை எடுக்கவே இல்லை. பத்தே மூச்சில் கூடம் முழுக்க ஒரே குரலாகிவிட்டது. அக்கா வேகம் கூட்டினால் கூடியது, கரண்டியைத் தூக்கி நிறுத்தினால் அடுத்த பெயருக்குத் தாவியது. நானும் அந்தத் தாளத்துக்கே கிண்டிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அழுதேனா? வெங்காயம் இல்லாத சமையல், காரணம் சொல்ல வழியில்லை.

முடிந்ததும் கேட்டேன். எத்தனை நாளாக?

"பதிமூணு வருஷம் ஆச்சு. எஃபெந்திக்குத்தான் காதே கேக்காதே. ஃபேக்டரியில போன காது. நான் தட்டுவேன், கேக்குறவங்க கேட்டுப்பாங்க, அவரு என் கையப் பாத்துத் தலையாட்டுவாரு."

இதை ஏன் மறைத்தீர்கள், முன்னால் வந்து உட்கார்ந்திருக்க வேண்டியவர் அல்லவா என்று நான் ஆரம்பித்தேன்.

"யாரு மறைச்சா? ஜன்னல் தொறந்துதானே கெடந்துச்சு. பாத்திரம் கழுவ வந்த எல்லாருக்கும் தெரியும். பேசாம கிண்டுங்க, அடி பிடிக்குது."

தைஃபுன் கூடத்தை விடப் போவதில்லை. சாப்பிட வந்தவன் முதல் கிண்ணத்தை அக்காவுக்குத்தான் நீட்டினான். ஆட்டுத்தோலில் இன்னும் அவன்தான். அதில் எனக்குச் சம்மதமா? இல்லை. இதை எழுதும்போதும் கால் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. என் வலது தோள் செத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை திருத்திய முன்னுரை வரியை எடுத்துப் பார்த்தேன்: "பத்து ஆண்டுகள் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் உடனிருந்து கவனித்தேன், ஒரு பெண் திக்ரை நடத்தி நான் கண்டதில்லை." அதில் பத்தைத்தான் பன்னிரண்டு ஆக்கியிருக்கிறேன்.