எனக்கு இருந்ததாகச் சொன்ன இன்னொரு வீடு

10 மார்ச் 2024, ஞாயிறு

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. என் வீட்டுக்காரர் சாஜித் மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, "ஊரு பூரா ஏசி மாட்டுறேன், இந்தச் சின்ன மோட்டாரு என்னைய மதிக்க மாட்டேங்குது" என்றார். அடுத்த வீட்டு அன்னக்கொடி அக்காவிடம் நாலு குடம் வாங்கிச் சமாளித்தேன். விளாங்குடிக்கு வந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. வாடகை வீட்டில் மோட்டார் கெட்டால் எரிச்சல் வரும். சொந்த வீட்டில் கெட்டால் என்னவோ சிரிப்புத்தான் வருகிறது.

22 மார்ச் 2024, வெள்ளி

பள்ளிக்கூட லேபில் இருந்தபோது ஆடிட்டர் ராஜாராம் சாரிடமிருந்து போன். முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு வீட்டுக்கடன் வட்டியில் கூடுதல் வரிச் சலுகை உண்டு. அதை எனக்கு மறுத்து வருமான வரித் துறை உத்தரவு போட்டிருக்கிறதாம். கடன் வாங்கும்போதே எனக்கு வேறொரு வீடு இருந்ததாம். காஜிமார் தெருவில்.

அது வீடா? அத்தா நடத்திய பாத்திர வாடகைக் கடை! பிரியாணி ஆக்கும் பெரிய தேக்சாக்களும் நாலு பேர் கூடிச் சாப்பிடும் சகன் தட்டுகளும் கூரை முட்ட அடுக்கிக் கிடக்கும். மாநகராட்சிப் பதிவில் மட்டும் 'குடியிருப்பு' என்று இருக்கிறது. அத்தா அதை மாற்றவே இல்லை. அவர் மவுத்தான பிறகு வாரிசு என்று அனீஸ் அண்ணன் பெயரும் என் பெயரும் ஏறியிருக்கின்றன.

பொய்த் தகவல் கொடுத்தேன் என்று அபராதமும் வருமாம். பொய்யா? நானா? இவுங்க கண்டாங்களா?

அந்தக் கட்டடத்தில் எனக்குப் பங்கே கிடையாது என்று சொல்லித்தான் அண்ணன் நாலு வருஷமாக என்னோடு பேசுவதில்லை. வீடு குடிபுகுந்தபோதுகூட வரவில்லை. சாஜித்திடம் சொன்னேன். "ஒங்கண்ணன் தராத பங்க கவர்மெண்ட்டே குடுத்துருச்சு முபீனா. ஸ்வீட்டு வாங்கியாரவா?"

நோன்போடு இருக்கிற மனுஷியிடம் பேசுகிற பேச்சைப் பார்.

23 மார்ச்

ராஜாராம் சார் அப்பீல் போடலாம் என்கிறார். "அது கடைதான்னு காட்டணும்மா. நடத்துற உங்க அண்ணன் எழுதிக் குடுத்தா ரொம்ப பலமா இருக்கும். ஆனா ஒண்ணு, குடுத்தா அவருக்குச் சொத்து வரி ஏறும். இம்புட்டு நாளா வீட்டு வரிதானே கட்டுறாரு."

அப்படியென்றால் அண்ணன் எழுதிக் கொடுத்த மாதிரிதான்.

18 ஏப்ரல்

அப்பீல் போட்டாகிவிட்டது. அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

4 ஆகஸ்ட்

பதிலே இல்லை. வாசல் மாமரத்தில் மட்டும் புதுக் கொழுந்து.

17 நவம்பர் 2024, ஞாயிறு

கேட்க மாட்டேன் என்று எழுதிய கையாலேயே எழுதுகிறேன். போனேன்.

வீடியோ விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள். வேறு வழியில்லை. அண்ணன் ஒரு தேக்சாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். தாடி நரைத்துவிட்டது.

"என்ன, டீச்சரம்மா இந்தப் பக்கம்?"

விசாரணை என்றைக்கு, ராஜாராம் சார் ஆபீஸில் என்று சொல்லி உத்தரவைக் காட்டினேன். நின்றபடியே படித்தார். "இதையா வீடுங்கிறான்?" என்று சிரிக்கத் தொடங்கியவர், நான் சொத்து வரி விஷயத்தைச் சொன்னதும் நிறுத்திக்கொண்டார்.

"டீ சாப்புடுறியா?"

"வேணாம்ணே."

"அப்ப யோசிச்சுச் சொல்றேன்."

என்னத்த யோசிக்கிறது? கூடப்பொறந்தவளுக்கு ஒரு கையெழுத்துப் போட யோசனை வேணுமா? நான் ஏன் போனேன்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதேதான். டீயாவது குடித்திருக்கலாம். தலைவலி.

8 டிசம்பர்

அண்ணனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நாளை விசாரணை. கடைக்குக் கமர்ஷியல் கரண்ட் பில் என்பது ஒன்றுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

9 டிசம்பர் 2024, திங்கள்

மறக்குமுன் எழுதிவிடுகிறேன்.

ராஜாராம் சார் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். திரையில் வருமான வரி அதிகாரி, ஓர் அம்மா. எந்த ஊரோ, நல்லவேளை தமிழ் தெரிந்திருந்தது. சார் கரண்ட் பில்லை விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்குத் திருப்தியில்லை. "மாநகராட்சிப் பதிவில் குடியிருப்பு என்றுதானே இருக்கிறது?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்.

கதவு திறந்தது. அனீஸ் அண்ணன்! சலவைச் சட்டை, அத்தர் வாசம், கையில் ஒரு ஃபைல். யாரையும் கேட்காமல் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மேடம், நான் இவ அண்ணன். எந்தங்கச்சி பொய் சொல்லல. கடைய வீடுன்னு வச்சிருந்தது நாந்தான். இன்னைக்குக் காலைல மாத்தச் சொல்லி மாநகராட்சிக்கு எழுதிக் குடுத்துட்டேன். இந்தா இருக்கு ரசீது."

"அங்கே யாராவது தங்குகிறார்களா?"

"படுக்க எடமிருந்தா நானே மத்தியானம் ஒரு தூக்கம் போடுவேனே மேடம்! தேக்சாவுக்கே எடம் பத்தல."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். போட்டோக்களையும் அண்ணன் எழுதித் தந்ததையும் அனுப்பச் சொன்னார்.

படியிறங்கும்போது கேட்டேன், "ஏண்ணே முன்னாடியே சொல்லல?"

"நீ பொய்க்காரின்னு எழுதிருந்தான்ல, அது மனசுல கெடந்து அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. நேத்து வரைக்கும் அரிச்சுச்சு."

ஜிகர்தண்டா வாங்கித் தந்தார். டிசம்பர் குளிரில்.

14 பிப்ரவரி 2025, வெள்ளி

ஜெயித்துவிட்டேன்! அது கடைதானாம், சலுகை செல்லுமாம், நான் பொய் சொல்லவில்லையாம். அன்னக்கொடி அக்கா வீட்டுக்குக் கேசரி. சாஜித்துக்கு இரண்டு கிண்ணம்.

20 ஏப்ரல் 2025, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டுக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தார். முதல் தடவையாக. அறை அறையாகப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், "சிமிண்டு நல்லாப் போட்டுருக்கான்" என்றார்.

கை கழுவி வந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். கடைக்கு ஏறிய புதுச் சொத்து வரி.

"நான் மட்டும் கட்ட முடியாது. நம்ம முறைப்படி மூணுல ஒரு பங்கு ஒன்னோடது. எடு."

சாஜித் என்னைப் பார்த்தார். அண்ணன் மனைவியான மச்சி தட்டைப் பார்த்தார்.

காதில் சரியாக விழாதது போல, "என்னண்ணே சொன்னீங்க?" என்று கேட்டேன்.

மறுபடியும் சொன்னார்.